நீர்வெட்டும் இல்லமும்

வீட்டைச் சுற்றி வெள்ளம் நிற்க, வீட்டினுள்ளே குடிக்க நீர் இல்லாமற் போவது விந்தையான நிலையேயாகும். ஆயினும் 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வாச் சூறாவளி இலங்கையைத் தாக்கிய வேளையிற் பல ஊர்கள் அந்நிலையை நேரிற் கண்டன. ஆறுகள் கரைபுரண்டன, மலைச்சரிவுகள் இடிந்தன, மின்சாரம் அற்றுப்போயிற்று, நீரேற்றும் நிலையங்கள் வெள்ளத்தில் அகப்பட்டன. தெருவில் நீர் பெருகி ஓட, அடுக்களைக் குழாயோ வறண்டு நின்றது. பவுசர் வண்டி வரும் வழியை நோக்கிக் குடங்களுடனும் வாளிகளுடனும் மக்கள் காத்து நின்றார்கள்.

குழாயைத் திருகினால் நீர் வரும் என்பது பழகிப்போன நம்பிக்கை. அந்த நீர் வீட்டை வந்தடைவதற்கு முன் எத்தனை படிகளைக் கடந்து வருகின்றது என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆற்றிலிருந்து நீர் எடுக்கப்படல் வேண்டும். சேறு படியவைத்து, வடித்து, குளோரீன் இட்டுச் சுத்தஞ்செய்யப்படல் வேண்டும். உயரமான தாங்கிகளுக்கு மின்விசையால் ஏற்றப்படல் வேண்டும். பின்னர் நிலத்தடிக் குழாய்கள் வழியே பல மைல் தூரம் ஓடிவரல் வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் குழாய் வெறுமையாகும். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய வேளையில் நீரேற்றும் இயந்திரமும் ஓய்ந்துவிடும். தொடர்மாடிகளின் மேல்தளத்தில் வாழ்வோரே அதனை முதலில் உணர்வர். கொழும்பு மாநகருக்கு நீர் வழங்கும் அம்பத்தளைச் சுத்திகரிப்பு நிலையம் களனி கங்கையை நம்பியுள்ளது; கடுங்கோடையில் ஆற்றின் ஓட்டம் குறையும்போது கடலின் உவர்நீர் ஆற்றினுள்ளே ஏறிவர முயல்கின்றது. வெள்ளம், வறட்சி, மின்தடை, குழாய் வெடிப்பு என்று காரணங்கள் வேறுபடினும் இல்லத்தில் விளைவு ஒன்றே. ஆதலின் நீர்வெட்டு என்பது வாழ்நாளில் ஒருமுறை நேரும் விபத்தன்று. அஃது அவ்வப்போது வந்துபோகும் வேண்டாத விருந்தாளி. வரும் என்று தெரிந்த விருந்தாளிக்கு வீடு ஆயத்தமாக இருத்தல் நன்று.

நீர் நின்றவுடன் இல்லங்களில் இருவகைப் பிழைகள் நேர்வதுண்டு. முதலாவது, தாங்கியில் எஞ்சியிருக்கும் நீரை வழக்கம்போலவே முதல் நாட் காலையிற் செலவிட்டுவிடுவது. ‘மாலைக்குள் வந்துவிடும்’ என்ற எண்ணமே அதற்குக் காரணம். இரண்டாவது, மாலையிலும் நீர் வாராதபோது அச்சங்கொண்டு, குறைக்கத் தகாத இடத்திற் குறைப்பது. கை கழுவுவதைத் தவிர்க்கின்றார்கள். தாகம் எடுத்தும் குடியாதிருக்கின்றார்கள். கொதிக்க வைக்க வேண்டிய நீரை அப்படியே அருந்துகின்றார்கள். நீர்வெட்டு இரண்டொரு நாளில் நீங்கிவிடும். அதன் பின்னால் வரும் வயிற்றோட்டமோ வைத்தியசாலை வரை கொண்டுசென்றுவிடும். எனவே சிக்கனம் என்பது எல்லாவற்றையும் ஒரேயளவாகக் குறைப்பதன்று. எதனை அளப்பது, எதனை இருமுறை பயன்படுத்துவது, எதனை ஒருபோதும் குறையாது விடுவது என்று பகுத்தறிவதே சிக்கனமாகும்.

இதன் முதற்பாடத்தை முன்னோர் வாழ்க்கையிலேயே காணலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, நிலத்தடியில் உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. அந்த நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழும். துலாவிலும் கப்பியிலும் நீர் அள்ளிய காலத்தில் இவ்வளவுமீறல் எளிதில் நேரவில்லை. ஒவ்வொரு வாளியும் கைவலியோடு வந்தது; ஆகையால் ஒவ்வொரு வாளிக்கும் மதிப்பிருந்தது. கிணற்றடியிற் குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் ஓடிற்று. அரிசி கழுவிய நீர் மாட்டுக்குக் கழுநீராயிற்று. மின்னிறைப்பியும் மேல்தாங்கியும் வந்தபின்னர் உழைப்புக் குறைந்தது, அது நன்மையே. ஆனால் உழைப்போடு அளவும் மறைந்தது. மலையகத்திற் பீலியிலிருந்து குடத்தில் நீர் சுமந்து லயன் வீட்டுக்குக் கொண்டுவந்த தாய்மாருக்கும் ஒரு குடம் நீரின் பெறுமதி என்னவென்று எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

பாத்திரத்தில் அள்ளும் நீருக்கு அளவுண்டு. குழாயில் ஓடும் நீருக்கு அளவில்லை. நீர்வெட்டு நாளின் முழுச்சிக்கனமும் இவ்வொரு வேறுபாட்டிலேயே அடங்கியிருக்கின்றது.

இஃது ஒரு வீட்டில் மட்டுமன்றி ஒரு மாநகரத்திலும் மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரில் 2015 முதல் 2017 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்தது. ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் வாழும் அந்நகரில், குழாய்களை அடைத்துவிட்டு ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லீற்றர் வீதம் பொது இடங்களில் வரிசையில் நிறுத்தி வழங்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டதென அறிவித்தார்கள். அந்நாளுக்குச் ‘சூனிய நாள்’ என்று பெயர். 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆந் திகதி முதல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்ற வரையறை விதிக்கப்பட்டது. மக்கள் வாளியினுள் நின்று குளித்தார்கள்; வாளியில் விழுந்த நீரை மலசலகூடத்துக்கு எடுத்துச் சென்றார்கள். குழாய்களின் அமுக்கத்தை நகரசபை குறைத்தது. விவசாயத்துக்கான நீரும் மட்டுப்படுத்தப்பட்டது. 2015ஆம் ஆண்டுக் கோடையில் நாளொன்றுக்கு 100 கோடி லீற்றருக்கு மேல் செலவிட்ட நகரம் 2018இல் அதில் ஏறத்தாழப் பாதியுடன் வாழ்ந்து காட்டியது. சூனிய நாள் வரவேயில்லை. அவ்வாண்டு மாரியில் மழையும் பெய்தது. செல்வரும் வறியவரும் வாழும் பெருநகரத்துக்கு இயன்றது ஓர் இல்லத்துக்கு இயலாதா?

இனி, ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நீர் போதும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். அனர்த்த காலங்களில் மக்களுக்கு உதவும் சர்வதேச நிறுவனங்கள், குடிக்கவும் சமைக்கவும் உடலைத் துப்புரவாக வைத்திருக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் வேண்டும் என்று வகுத்திருக்கின்றன. சிறிது தாராளமாக 20 லீற்றர் என்று கொள்வோமாயின், ஐவர் வாழும் வீட்டுக்கு 100 லீற்றர் ஆகும். அஃதாவது, 20 லீற்றர் கொள்ளும் வாளியில் ஐந்து வாளிகள்.

அந்த 100 லீற்றரை இவ்வாறு பங்கிடலாம். குடிப்பதற்கு ஆளுக்கு 3 லீற்றராக 15, சமையலுக்கு 20, மலசலகூடத்தில் உடற்சுத்தி செய்வதற்கும் கை, முகம் கழுவுவதற்கும் 25, உடலைத் துடைத்துக் கழுவ ஆளுக்கு 5 லீற்றராக 25, பாத்திரங் கழுவ 15. மலசலகூடத்தின் பீங்கானைக் கழுவி ஊற்றும் நீர் இப்பங்கீட்டில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. அது மறந்துபோய் விடப்பட்டதன்று. அதற்கெனப் புதுநீர் ஒரு துளியும் வேண்டுவதில்லை. உடல் கழுவிய நீரையும், கை கழுவிய நீரையும், பாத்திரத்தை இரண்டாம் முறை அலசிய நீரையும் கீழே ஓடவிடாது ஏந்தி வைத்தால் ஏறத்தாழ 35 லீற்றர் சேரும். ஒரு முறைக்கு 5 லீற்றர் போதுமாதலால் அது ஏழு முறைக்குக் காணும். சிறுநீர் கழித்த ஒவ்வொரு முறையும் முழு வாளி ஊற்ற வேண்டியதில்லை.

இதற்கு மாறாக, வழக்கமான சங்கிலித் தொட்டியையோ பொத்தான் தொட்டியையோ எண்ணிப் பார்க்க. பழைய தொட்டி ஒன்று ஒரு தடவைக்கு 9 லீற்றரை இறக்கிவிடும். ஐவரும் நாளுக்கு நான்கு தடவை இயக்கினால் 180 லீற்றர். ஒரு குடும்பம் உண்டு, குடித்து, கழுவி வாழப் போதிய நீரைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நீர், சுத்தஞ்செய்யப்பட்ட குடிநீர், யாதொரு பயனுமின்றிக் குழிக்குள் இறங்கிவிடுகின்றது. ஆகவே நீர் நின்றது என்று அறிந்தவுடன் இல்லத்தார் செய்யவேண்டிய முதற்காரியம் அத்தொட்டிக்குச் செல்லும் வாயிலை அடைத்து, அருகே ஒரு வாளியையும் கோப்பையையும் வைப்பதேயாகும். வேறெந்தச் சிக்கனமும் இதற்கு ஈடாகாது.

அடுத்து, பாத்திரங்களை மூன்றாக வகுத்துக்கொள்ள வேண்டும். முதலாவது குடிநீர்ப் பாத்திரம். வாய் சிறுத்து மூடியுள்ளதாய் இருத்தல் நன்று. கையோ கோப்பையோ அதனுள் நுழையலாகாது. சரித்து ஊற்றியோ, நீண்ட காம்புள்ள அகப்பையால் மொண்டோ எடுத்தல் வேண்டும். இரண்டாவது, சமையலுக்கும் கழுவுதற்குமான துப்புரவான நீர். மூன்றாவது, ஒருமுறை பயன்படுத்தி ஏந்திய நீர். ஒன்றின் வாளி மற்றொன்றோடு கலவாதிருக்க நிறத்தாலோ கயிற்றாலோ அடையாளம் இடுதல் தகும். வீட்டில் எழுத்தறிந்த பிள்ளை ஒன்று இருப்பின், எவ்வாளி எப்போது நிரப்பப்பட்டது, எவ்வளவு எஞ்சியது என்று பயிற்சிக் கொப்பியிற் குறித்துவரும் பொறுப்பை அப்பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். கணிதமும் கடமையும் ஒருங்கே கற்கும் பாடம் அது.

அடுக்களையிற் சில சிறு மாற்றங்கள் பெரும் பயன் தரும். காய்கறிகளைக் குழாயின்கீழ்ப் பிடித்துக் கழுவாமல் ஒரு சட்டியிலிட்டு அலசி, அந்நீரைப் பூச்செடிக்கு ஊற்றலாம். சோறு வடிக்கும் கஞ்சியை உப்பிட்டுப் பருகலாம்; உணவும் ஆகும், நீரும் ஆகும். பல கறிகளுக்குப் பதிலாக ஒரே சட்டியிற் சமையல் முடிந்தால் கழுவும் சட்டிகளும் குறையும். வாழையிலை கிடைக்கும் வீடுகளில் அந்நாட்களுக்குப் பீங்கானை ஒதுக்கி வைக்கலாம். கழுவும் பாத்திரங்களை முதலிற் கடதாசியாலோ இலையாலோ துடைத்து, எண்ணெயும் எச்சிலும் நீங்கியபின் ஒரு தட்டத்திற் சவர்க்கார நீரும் மற்றொரு தட்டத்தில் வெறும் நீருமாக வைத்துக் கழுவினால், ஓடும் குழாயிற் செலவாகும் நீரிற் சிறு பங்கே போதும். உடுப்புத் தோய்ப்பதை நீர் வரும்வரை ஒத்திவைத்தல் வேண்டும். குழந்தையின் துணிகளும் நோயாளியின் துணிகளும் மட்டுமே இதற்கு விலக்கு. குளிப்பதற்குப் பதிலாக ஈரத்துவாயால் உடலைத் துடைத்து, கை கால்களையும் மறைவிடங்களையும் சவர்க்காரமிட்டுக் கழுவினால் இரண்டொரு நாளுக்கு உடலுக்கு ஊறு நேராது.

இவையெல்லாம் குறைக்கத்தக்கவை. குறைக்கத் தகாதவை எவை? மலசலகூடம் சென்று வந்தபின்னும், உணவு தொடுமுன்னும், குழந்தையைத் துப்புரவு செய்தபின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதை எவரும் விடலாகாது. அதற்கு அரைச் செம்பு நீர் போதும். ஒரு பிளாஸ்ரிக் போத்தலின் மூடியிற் சிறு துளையிட்டுத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால், நூல்போல் ஒழுகும் நீரிலே கையைச் செவ்வையாகக் கழுவிக்கொள்ளலாம். கீழே வாளி இருப்பின் அந்நீரும் வீணாகாது. குடிக்கும் நீரை எவருக்கும் மட்டுப்படுத்தலாகாது. முதியோர் பலருக்குத் தாகம் எளிதில் தோன்றுவதில்லை. ஆகையால் அவர்களுக்கு நேரம் பார்த்து நீர் கொடுத்தல் வேண்டும். பாலூட்டும் தாய்மார், வயிற்றோட்டத்தால் வாடும் பிள்ளைகள், மாதவிலக்கில் இருக்கும் பெண்கள் ஆகியோருக்கு வேண்டிய நீரை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதையே ஏனையோர் பங்கிடுதல் முறை. பெண்கள் தம் தேவையை வாய்திறந்து சொல்லக் கூசுவர். இல்லத் தலைவர் கேளாமலே உணர்ந்து ஒதுக்குவது பண்பாகும்.

நீரைச் சேமித்து வைப்பதிலே மற்றொரு பேராபத்து மறைந்திருக்கின்றது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு சாக்கடையை விரும்புவதில்லை; வீட்டிற் சேமிக்கும் தெளிந்த நீரையே நாடுகின்றது. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 பேருக்கு மேற்பட்டோர் டெங்கு நோயுற்றதாகப் பதிவாயிற்று. மூடாத வாளி ஒன்று பல வீடுகளுக்கு நோய் பரப்பும் பண்ணையாகலாம். அந்நுளம்பு நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டவைக்கின்றது. பாத்திரம் காய்ந்தாலும் முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் நிரம்பியதும் பொரிக்கும். ஆகவே நீரைக் கொட்டிவிடுவது மட்டும் போதாது. வாரத்துக்கு ஒருமுறை தும்புப் பிரசால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவல் வேண்டும். மூடியில்லாத தொட்டிக்கு அடர்ந்த துணியை இறுகக் கட்டலாம். ஏந்தி வைத்த பழைய நீரை அன்றன்றே செலவிட்டுவிட வேண்டும். அது நாட்பட வைக்கத்தக்க பொருளன்று.

நீர் மீண்டும் வரும் நேரமும் கவனத்துக்குரியது. நீர் நின்ற வேளையில் ‘வருகிறதா’ என்று குழாயைத் திறந்து பார்த்தவர் அடைக்க மறந்துவிடுவார். நள்ளிரவில் நீர் வரும், விடியும்வரை ஓடும், ஒரு நாள் முழுவதும் துளி துளியாகச் சேமித்தது ஓரிரவிற் போய்விடும். அன்றியும், குழாயில் அமுக்கம் இல்லாத வேளையில், வெடிப்புகள் ஊடாக வெளியிலுள்ள அழுக்குநீர் குழாயினுள் உறிஞ்சப்படுதல் கூடும். எனவே முதலில் வரும் கலங்கல் நீரை வாளியில் ஏந்தி மலசலகூடத்துக்கென வைத்துவிட்டு, தெளிந்த பின்னரே குடத்தை நிரப்புதல் வேண்டும். அவ்வாறு பிடித்த நீரையும், பவுசரிற் பெற்ற நீரையும், வெள்ளம் புகுந்த கிணற்றின் நீரையும் கொதிக்க வையாது அருந்தலாகாது. கொதித்துக் குமிழிகள் பொங்கியெழும் நிலையிற் சிறிது நேரம் விட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடல் நன்று. தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கலைத் தெளியவைப்பது பழைய நல்வழக்கம். ஆனால் தெளிந்த நீர் எல்லாம் தூய நீரன்று. தெளியவைத்த பின்னரும் கொதிக்க வைத்தே தீரவேண்டும். பெற்றோல் முதலிய எண்ணெயோ பூச்சிகொல்லியோ கலந்த நீரைக் கொதிக்க வைத்தும் குடிக்கலாகாது.

ஒரு வீட்டின் சிக்கனம் வேலிக்கு அப்பாலும் செல்லுதல் வேண்டும். பொதுக் குழாயிலே நேரடியாக மின்னிறைப்பியைப் பூட்டி நீரை இழுப்பவர், அயலவரின் பங்கைப் பறிப்பதோடு குழாயினுள் அழுக்கை இழுக்கவும் காரணராகின்றார். நல்ல கிணறுடையவர் குழாயை நம்பி வாழும் அயலவருக்குப் படலையைத் திறந்துவிடுதல் தமிழர் இல்லறத்துக்குப் புதிதன்று. 20 லீற்றர் நீரின் எடை 20 கிலோகிராம். ஐந்து வாளி நீர் என்று எழுதுவது எளிது; மாடிப்படியேறிச் சுமப்பவருக்கே அதன் பாரம் தெரியும். பெரும்பாலும் அப்பாரம் பெண்களின் இடுப்பிலும் பிள்ளைகளின் கையிலுமே ஏறுகின்றது. வீட்டிலுள்ள ஆண்மக்கள் வரிசையில் நிற்பதையும் வாளி சுமப்பதையும் தமது கடமையெனக் கொண்டால், நீரும் சிக்கனமாகும். தானே சுமந்த நீரைக் கொட்டிவிட எவருக்கும் மனம் வாராது.

இவற்றுக்கெல்லாம் பயிற்சி நீர் வரும் நாட்களிலேயே தொடங்கப்படல் வேண்டும். நொடிக்கு ஒரு துளியாக ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லீற்றரை வீணாக்குகின்றது. நீர்வெட்டு நாளில் அஃது ஒருவரின் முழுப்பங்கு. சிறு வாசரை மாற்றச் சோம்பியிருந்து, பின்னர் பவுசருக்குக் காத்திருப்பது அறிவுடைமையாகாது. மூடியுள்ள இரண்டு குடிநீர்க் கலங்களையும், இரண்டு வாளிகளையும், ஒரு செம்பையும் ஒதுக்கி வைத்து, மாதத்தில் ஒருநாள் குழாயை அடைத்துவிட்டு ஐந்து வாளி நீரில் இல்லத்தார் அனைவரும் வாழ்ந்து பார்ப்பது நல்லதோர் ஒத்திகையாகும். எங்கே பிழை நேர்ந்தது, எவ்வாளி முதலிற் காலியாயிற்று என்பது அன்று மாலையிலேயே தெரிந்துவிடும். அவ்வொத்திகை நடந்த வீட்டில், குழாய் வறண்ட நாளிலும் குழந்தை தாகத்தால் அழாது. முதியவர் தம் செம்பை எட்டிப்பார்த்து ஏங்கார். நீர்வெட்டு நீங்கிய மறுவாரத்தில் எவரும் வைத்தியசாலைக் கட்டிலிற் கிடவார்.